பதினொரு நிமிஷம் இருந்த பதிவு

தண்ணீர் காலை பதினொன்றே காலுக்கு வந்தது. வந்ததும் இருமியது, இருமி முடித்துக் கொஞ்சம் செம்மண்ணைத் துப்பியது, பிறகு பென்சில் தடிமனுக்கு விழ ஆரம்பித்தது. இந்த லட்சணத்தில் எட்டுக் குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் நான் இந்தக் குழாயடியில் குத்தவைத்தே உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு கையில் குடத்துக் கழுத்து, ஒரு கையில் போன், போனில் அந்த ஒரே வரி. விதி 5, விதி 9 மீறப்பட்டுள்ளன, ஏழு நாட்களுக்கு நீங்கள் இந்தக் குழுவில் எழுத முடியாது, படிக்கலாம். படிக்கலாமாம். என்ன பெருந்தன்மை. வாயில் துணியை அடைத்துவிட்டு, காது திறந்துதானே இருக்கிறது கேட்டுக்கொள் என்கிற மாதிரி. நேற்றுச் சாயங்காலம் ஆறு ஐம்பதுக்கு வந்த வரி இது, அதிலிருந்து எத்தனை முறை பார்த்துவிட்டேன், அடுத்த முறை பார்க்கும்போது மாறியிருக்கும் என்று எனக்குள் ஒரு கழுதை நம்பிக்கொண்டே இருக்கிறது. மாறவில்லை. துளசிமணி கேட்ட கேள்வி இருந்த இடத்தில் இப்போது யாரோ ஒருத்தி பிள்ளையின் கம்பிச் செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவலாமா என்று கேட்டிருக்கிறாள், அதற்கு முப்பத்திரண்டு பேர் பதில் சொல்லியிருக்கிறார்கள், கழுவலாம், கழுவலாம், நிழலில் காயவையுங்கள். செருப்புக் கழுவ முப்பத்திரண்டு பேர். கறுத்துப்போன விரலுக்கு நான் ஒருத்தி, என் வாயையும் தைத்தாயிற்று.

துளசிமணி யார் என்று எனக்குத் தெரியாது. முகம் தெரியாது, ஊர் தெரியாது. இருபத்தாறு நாள் பிள்ளையின் அம்மா, அவ்வளவுதான் தெரியும். இன்னைக்கு மத்தியானம் ரெண்டாவது மாவுக்கட்டு போட்டாங்க அக்கா என்று எழுதியிருந்தாள், மூணு மணிலருந்து அழுகை நிக்கல, விரல் ஒரு மாதிரி கறுப்பா இருக்கு, தொட்டா சில்லுன்னு இருக்கு, வீட்ல காலையில பாத்துக்கலாம்னு சொல்றாங்க, ஆஸ்பத்திரி போக ரெண்டு மணி நேரம் ஆகும், என்ன பண்ணட்டும். கூடவே ஒரு படம். தொடை வரைக்கும் வெள்ளைக் கட்டு, அதன் நுனியில் ஐந்து விரல், ஐந்தும் நாவற்பழத் தோல் நிறம். அந்தப் படத்தை நான் ஒரு நொடிதான் பார்த்தேன், இப்போது கண்ணை மூடினாலும் மூடாவிட்டாலும் அதுதான் தெரிகிறது, குடத்து வாயில் விழுகிற தண்ணீரிலும் அதுதான். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பில் நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவோம், ரப்பர் பேண்டை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு யார் விரல் அதிகம் கறுக்கிறது என்று பார்ப்பது, நான்தான் எப்போதும் ஜெயிப்பேன், எனக்கு வலியை வைத்துக்கொண்டு சிரிக்கத் தெரியும். ஒருநாள் அது கழன்று வரவில்லை. முதலில் குத்தல், அப்புறம் சுடுகிற மாதிரி, அப்புறம் ஒன்றுமே இல்லை, அந்த ஒன்றுமே இல்லைதான் பயம், விரல் என்னுடையதாகவே இல்லை. டீச்சர் பிளேடால் வெட்டியெடுத்துவிட்டு மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். இருபத்தாறு நாள் பிள்ளைக்கு அது குத்துகிறதா, சுடுகிறதா, ஒன்றுமே இல்லையா என்று எப்படிச் சொல்லத் தெரியும்? அழத்தான் தெரியும். அழுகை நின்றுவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் அப்பாடா, வலி போய்விட்டது என்பார்கள். ஐயோ, அதை நான் எழுதாமல் விட்டுவிட்டேனே, அழுகை நின்றாலும் நம்பாதே என்று. எழுதியிருக்கலாம். எழுத விட்டால்தானே.

முதல் குடம் நிறைந்து வழிந்தது, தள்ளி வைத்துவிட்டு இரண்டாவதை இழுத்தேன். உள்ளே மித்ரன் தூங்குகிறான், கதவு திறந்துதான் இருக்கிறது, இரண்டு செருப்பும் நடுவில் ஒரு கம்பியும், தூக்கத்தில் புரளும்போது அந்தக் கம்பி தரையில் டொக்கென்று இடிக்கும், அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு நிம்மதி. அவன் பிறந்தபோது இரண்டு பாதமும் உள்பக்கமாகத் திரும்பி, ஒன்றுக்கொன்று கும்பிடு போட்டுக்கொண்டிருந்தது. அத்தை கிரகணத்தன்று நான் வெளியே வந்ததுதான் காரணம் என்றாள், நாத்தனார் நான் தையல் மிஷின் மிதித்தது காரணம் என்றாள், என் வீட்டுக்காரர் காரணம் தேடவில்லை, லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் வேலை அவருக்கு, வளைந்ததை நிமிர்த்துவது அவருக்குப் புதிது இல்லை, சரி பண்ணிக்கலாம் விடு என்றார், அதற்கே நான் அவரைக் கும்பிட வேண்டும். ஆனால் எப்படிச் சரி பண்ணுவது என்று சொன்னது சின்னப் பாதங்கள்தான். போனில் இருக்கிற குழு அது, வளைபாதத்தோடு பிறந்த பிள்ளைகளின் அம்மாக்கள் நாலாயிரம் பேர். வாரம் ஒரு மாவுக்கட்டு மாற்றி மாற்றிப் போட்டு நிமிர்த்துவார்கள், அப்புறம் கம்பிச் செருப்பு, நாலு வயது வரைக்கும் ராத்திரியும் பகல் தூக்கத்துக்கும் போட வேண்டும், போட்டால் ஓடுவான் என்று அங்கேதான் முதலில் படித்தேன். ஒருத்தி தன் மகள் கயிறு தாண்டுகிற வீடியோ போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் பிரசவித்த பத்தாம் நாள் உடம்போடு எழுந்து நின்று இரண்டு தோசை கூடுதலாகத் தின்றேன்.

அப்போதெல்லாம் இத்தனை விதி இல்லை. இப்போது பதினாலு. பிள்ளையின் படம் போடக் கூடாது, ஆஸ்பத்திரி பெயர் போடக் கூடாது, வைத்தியம் சொல்லக் கூடாது, மருத்துவரைப் பாருங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும், போன் நம்பர் கூடாது, அதுதான் ஒன்பதாவது, காலை வணக்கம் பூப்படம் கூடாது, அந்தக் கடைசி விதிக்கு மட்டும் அட்மின் ஹேமலதா மேடத்துக்கு நானே மாலை போடுவேன். மற்றதெல்லாம் என்ன? அம்மாக்கள் பேசுகிற இடத்தில் அம்மா பேச்சைத் தவிர மற்ற எல்லாம் பேசலாமா? நான் என்ன தப்பாக எழுதினேன்? விரலை அமுக்கிப் பார், வெள்ளையாகி மறுபடி சிவந்து வருகிறதா பார், வரவில்லை என்றால் ஒரு அன்னக்கூடையில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை அப்படியே விடு, கட்டுத்துணியின் நுனியைத் தேடு, ஊற ஊற உரித்துக்கொண்டே வா, உரித்ததும் வண்டி பிடித்து ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போ, யார் என்ன சொன்னாலும் காலை வரைக்கும் இருக்காதே, வழி தெரியாவிட்டால் எனக்குக் கூப்பிடு. நம்பர். இதில் எந்த வார்த்தை என் சொந்தச் சரக்கு? கட்டுப் போடுகிற அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படியே, முதல் கட்டு போட்ட அன்றைக்கு, விரலைப் பாத்துக்கிட்டே இரும்மா, அமுக்குனா வெளுக்கணும், விட்டா செவக்கணும் என்று. நான் அந்த ராத்திரி மணிக்கு ஒருதரம் அமுக்கினேன், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி ஐந்து விரல், அமுக்க வெளுக்கும், விடச் சிவக்கும், எனக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிப்போனது. அந்த விளையாட்டை இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுத்தது குற்றம். பதினொரு நிமிஷம் இருந்தது என் பதில். ஆறு முப்பத்தொன்பதுக்குப் போட்டேன், ஆறு ஐம்பதுக்கு அவள் கேள்வியோடு சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் படித்தாளா? படிப்பதற்குள் அழித்தார்களா? நம்பரைக் குறித்துக்கொண்டாளா? கூப்பிடவில்லையே. ராத்திரி போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டே படுத்திருந்தேன், ஒரு தடவை அடித்தது, எடுத்தால் கடன் வேண்டுமா என்று ஒரு மிஷின் கேட்கிறது. அதனிடம் கூட நான் கோபமாகத்தான் பேசினேன்.

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன், மாமா, உங்க பேர்ல அந்தக் குழுவுல ஒரு கணக்குத் தொறக்கட்டுமா என்று. எதுக்கு என்றார். சொன்னேன். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, அவங்க எடம், அவங்க சட்டம், நீ எதுக்குக் கத்துற, பட்டறைல கூட கண்ணாடி போடாம வெல்டிங் வெக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு, மொதலாளி எங்கள வெறுத்தா எழுதி வெச்சான் என்றார். கண்ணாடி போடாவிட்டால் உங்கள் கண் போகும், நான் எழுதாவிட்டால் யாருடைய கால் போகும் தெரியுமா என்று கேட்டேன். அவர் சட்டினி கேட்டார். ஆம்பளைகளோடு இதுதான் தொல்லை, நியாயமாகவே பேசுவார்கள், பசியோடும் இருப்பார்கள்.

நாலாவது குடம் பாதியில் நிற்கும்போது பக்கத்து வீட்டுத் தங்கமணியக்கா இரண்டு குடத்தோடு வந்து நின்றாள். இது ஒரே வரிசையில் மூன்று வீடு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே குழாய். என் முறை முடிந்துதான் அவள் முறை. இன்றைக்கு அவள் வீட்டுக்குச் சம்பந்தி வருகிறார்களாம், எட்டோடு ரெண்டு சேத்துப் பத்தாப் புடிச்சுக்கிறேன் கண்ணு என்றாள். நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது, வீட்டுக்கு எட்டுக் குடம்தான் அக்கா, நீங்க ரெண்டு புடிச்சா கடைசி வீட்டுக்கு வரும்போது தண்ணி நின்னுடும். அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் போன வருஷம் நான் சாக்பீஸில் எழுதி, அழியாமல் இருக்கப் பெயிண்டாலும் மேலே இழுத்தது அப்படியே இருக்கிறது, வீட்டுக்கு எட்டுக் குடம், அவசரம் என்று யாரும் வரக் கூடாது. அவசரம் என்று யாரும் வரக் கூடாது. என் கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின குண்டு குண்டுக் கையெழுத்து. தங்கமணியக்கா, நீயெல்லாம் பஞ்சாயத்துப் போர்டுல இருக்க வேண்டியவ என்று சொல்லிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அது வேறு, இது வேறு. குடம் என்றால் எண்ணலாம். எட்டு எட்டுதான். பிள்ளையின் விரலை யார் எண்ணுவது? போன வருஷம் அந்த விதி ஏன் வந்தது என்று இவளுக்கே தெரியும், தினம் ஒருத்திக்கு அவசரம், ஒருநாள் சம்பந்தி, ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் துணி ஊறப்போட்டுவிட்டேன், கடைசி வீட்டுச் செல்வநாயகி ஒன்றும் கேட்காமல் ஒன்றும் கிடைக்காமல் மூன்று நாள் லாரித் தண்ணீர் வாங்கினாள். அவளுக்காகத்தான் எழுதினேன். ஹேமலதாவும் யாருக்காகவாவது எழுதியிருப்பாள். யாருக்காக? எனக்குத் தெரியும் யாருக்காக. தெரியாது. தெரியும், ஆனால் நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை, இப்போது நான் கோபமாக இருக்கிறேன், கோபமாக இருக்கும்போது அந்தப் பக்கம் போனால் கோபம் போய்விடும், கோபம் போய்விட்டால் பயம் மட்டும்தான் மிச்சம்.

பத்தொன்பது. எங்கிருந்தோ இந்த எண் வந்து குடத்தில் விழுகிறது. ஐந்தாவது குடம் இது, ஐந்தாவது குடத்தை எண்ணும்போது பத்தொன்பது ஏன் வர வேண்டும்? சரி, வந்துவிட்டாய், உட்கார். மித்ரனுக்கு அப்போது எட்டு மாசம். கம்பிச் செருப்பு போட்டால் ராத்திரி முழுக்க அழுகை. ராத்திரி என்றால் ஒரு ராத்திரி இல்லை, வாரக்கணக்கில், அக்கம்பக்கத்தில் விளக்குப் போட்டுப் பார்ப்பார்கள். அப்போது குழுவில் ஒருத்தி எழுதினாள், நாங்கள் ஏழு மாசத்திலேயே செருப்பை நிறுத்திவிட்டோம், பிள்ளை ஜம்மென்று நடக்கிறான், டாக்டர்கள் சும்மா பயமுறுத்துவார்கள் என்று. கீழே நிறைய பேர் அப்படியா அப்படியா என்று கேட்டிருந்தார்கள். நானும் கேட்டேன். அவள் பதில்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி நான் செருப்பைப் போடவில்லை. அடடா, எப்படித் தூங்கினான். காலை அகட்டி, கையை விரித்து, வாயைத் திறந்து, ராஜா மாதிரி. அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டே நானும் தூங்கினேன். மறுநாள் போடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் தூங்கினான். அப்படிப் பத்தொன்பது ராத்திரி. விடியும்போது வீட்டுக்காரர் எழுவதற்குள் மாட்டிவிடுவேன், அவருக்குத் தெரியாது. இருபதாம் நாள் குளிப்பாட்டும்போது காலை நீட்டினான், வலது பாதம் எனக்குத் தெரிந்த பழைய பக்கமாகத் திரும்பிப் பார்த்தது. மறுபடி மூன்று மாவுக்கட்டு. செருப்பு ஒழுங்காகப் போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார், போட்டேன் சார் என்றேன். குழுவில் தானாகவே திரும்பிவிட்டது என்று எழுதினேன், அறுபத்து மூன்று பேர் ஆறுதல் சொன்னார்கள், கவலைப்படாதீர்கள் தங்கச்சி, உங்கள் தப்பில்லை. அறுபத்து மூன்றையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு இதயம் போட்டேன். அடுத்த மாசம் ஐந்தாம் விதி வந்தது, சிகிச்சையை நிறுத்தவோ மாற்றவோ யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. நல்ல விதி என்று கீழே எழுதினேன். எழுதினேனா? எழுதினேன்.

ஆனால் அதற்காக? கறுத்த விரலும் அழுகிற பிள்ளையும் ஒன்றா? அந்தப் பொம்பளை பெருமைக்கு எழுதினாள், நான் பயத்தில் எழுதினேன், இரண்டையும் ஒரே விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினால் அது என்ன விதி? நெருப்புப் பிடித்த வீட்டில் ஓடாதீர்கள் என்று போர்டு வைக்கிற மாதிரி. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம், கோகிலவாணி, எதை நம்பி இப்படிச் சொன்னாய் என்று. ஏழு நாள் என்று அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏழு நாளில் ஒரு விரல் என்னென்ன ஆகும். நான் போனைத் தண்ணீரில் போட்டிருப்பேன், அப்போது அது அடித்தது. தெரியாத நம்பர். கை ஈரம், இரண்டு தடவை இழுத்தும் எடுக்க வரவில்லை, பாவாடையில் துடைத்துவிட்டு எடுத்தேன், துளசிமணி, சொல்லு சாமி, என்றேன்.

துளசிமணி இல்லை. நான் ஹேமலதா என்றது ஒரு குரல். கஞ்சி போட்ட காட்டன் புடவை மாதிரி விறைப்பான குரலாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன், இது தொண்டை கட்டின, தூங்காத குரல், பின்னால் ஒரு மிஷின் டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, பேங்கில் வேலையாம், வராண்டாவுக்கு வந்து பேசுகிறாளாம். உங்க நம்பர அழிச்ச பதிவுல இருந்துதான் எடுத்தேன் என்றாள். ராத்திரி முழுக்க அவளுக்காகச் சேர்த்து வைத்திருந்த வசவு ஒரு குடம் இருந்தது என்னிடம்.

"அந்தப் புள்ள?" என்றேன்.

"விரல் வந்துடுச்சு. ராத்திரி எட்டு மணிக்கே செவந்துடுச்சு."

நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். குழுவில் சேரும்போது எல்லாரிடமும் நம்பர் வாங்கி வைத்திருக்கிறார்களாம், இந்த மாதிரிக் கேள்வி வந்தால் உடனே எடுத்துவிட்டு மூன்று அட்மினில் ஒருத்தி நேராகக் கூப்பிடுவாளாம். ஹேமலதா கூப்பிட்டபோது துளசிமணி பிள்ளையின் காலை அன்னக்கூடையில் வைத்திருந்தாளாம், பாதிக் கட்டு உரிந்திருந்ததாம், என் பதிலைப் படித்துவிட்டிருக்கிறாள். வண்டி வரும் வரைக்கும் ஹேமலதா போனை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி இருந்த டாக்டர், சீக்கிரம் தளர்த்தியது நல்லது என்றாராம். எனக்கு முதலில் அழுகை வந்தது, வந்த வேகத்தில் கோபம் அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தது. இதை ஒரு வரி அங்கே போட்டால் என்ன என்று கேட்டேன், நான் ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை. போட முடியாது என்றாள், துளசிமணியின் புகுந்த வீட்டில் நாலு பேர் அதே குழுவில் இருக்கிறார்களாம், காலையில் பார்க்கலாம் என்று சொன்னவர்களே அவர்கள்தானாம், அவளை அந்த வீட்டில் இருக்க விடுவார்களா.

"அப்ப நான் சொன்னது சரிதான மேடம்? எனக்கு எதுக்கு ஏழு நாள்?"

"பதினொரு நிமிஷம் இருந்துச்சு உங்க பதிவு. அத துளசிமணி மட்டும் படிக்கலைங்க."

இன்னொருத்தி. ரெண்டு மாசப் பிள்ளை, நாலாவது கட்டு. விரலெல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அழுதிருக்கிறது, அவ்வளவுதான். என் பதிலைப் படித்துவிட்டு வெந்நீர் வைத்து, நுனியைத் தேடி, நான் எழுதின மாதிரியே அழகாக உரித்திருக்கிறாள். பிள்ளை ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கியதாம். காலையில் அதைச் சந்தோஷமாக ஹேமலதாவுக்கே எழுதியிருக்கிறாள், ஊரில் கோயில் நோன்பு சாட்டியிருக்கிறார்கள், முடிகிற வரைக்கும் வெளியூர் போகக் கூடாது, அடுத்த மாசம் போய்க் கட்டிக்கொள்கிறோம் என்று. நாளைக்கு அவளுக்குக் கட்டுப் போடுகிற நாள். நாளைக்குப் போனால் ஒரு வாரம் நஷ்டம், அவ்வளவுதான். அடுத்த மாசம் என்றால் முதலில் இருந்து. ஹேமலதா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். "உங்களுக்கு ரூல்ஸ்தான் தெரியும், அந்தக் கோகிலவாணி அக்கா பெத்தவங்க, அவங்களுக்கு வலி தெரியும்கிறாங்க" என்றாள்.

ராஜா மாதிரி தூங்கியிருக்கும். எனக்குத் தெரியும் அந்தத் தூக்கம். நான் எழுதினதில் விரலை அமுக்கிப் பார் என்றுதானே முதல் வரி, வெள்ளையாகிச் சிவக்காவிட்டால் என்றுதானே இரண்டாவது வரி. அவளுக்கு மூன்றாவது வரிதான் கண்ணில் பட்டிருக்கிறது. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்றும் பத்துப் பேர் கீழே எழுதியிருந்தார்களே, எனக்கு நிறுத்திவிட்டோம் என்ற ஒரு வார்த்தைதானே கண்ணில் பட்டது. அவளைத் திட்ட எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை, ஹேமலதாவைத் திட்டவும் கிடைக்கவில்லை, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது, இறக்கி வைக்க இடமில்லாத குடம் மாதிரி இடுப்பிலேயே இருக்கிறது.

அந்தப் பொண்ணு நம்பரைக் குடுங்க என்றேன். தர முடியாது என்றாள். சரி, என் தடையை எடுத்துவிடுங்கள், நானே எழுதுகிறேன் என்றேன். மூன்று பேர் சேர்ந்து போட்டது, மற்ற இரண்டு பேரும் சாயங்காலம்தான் வருவார்கள், அவர்களைக் கேட்காமல் எடுக்க முடியாது என்றாள். இந்தப் பொம்பளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்? சாயங்காலம் எழுதி, அந்தப் பெண் ராத்திரி படித்து, விடியக் கிளம்ப வேண்டுமே. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள், மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி. "நீங்க சொல்லுங்க கோகிலவாணி, நான் என் பேர்ல எழுதறேன். அதுக்குக் கூடாதுன்னு எங்கயும் போடல."

தங்கமணியக்கா கவிழ்த்த குடத்தின்மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வநாயகியும் குடத்தோடு வந்துவிட்டாள். உள்ளே கம்பி டொக்கென்றது. இவர்களுக்கு இப்போது அந்தப் பத்தொன்பது தெரிந்தால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்காரருக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமைக்குள் அத்தைக்குத் தெரியும், கிரகணத்தைவிடப் பெரிய காரணம் அவளுக்குக் கிடைத்துவிடும், சாகிற வரைக்கும் போதும் அவளுக்கு. நாளைக்குக் கட்டுப் போடுகிற நாள். பிள்ளைக்கு ரெண்டு மாசம்.

எழுதுங்க என்றேன். நேத்து நான் வெந்நீர் வெக்கச் சொன்னது விரல் கறுத்த புள்ளைக்கு மட்டும், அழுவுற புள்ளைக்கு இல்ல. எழுதினாள், எழுதுகிற சத்தம் கேட்டது. என் பையனுக்குக் கால் தானாத் திரும்புச்சுன்னு போன வருஷம் சொன்னேன், அது பொய். செருப்ப நான் பத்தொன்பது ராத்திரி போடல. எழுதுகிற சத்தம் நின்றது. எழுதுங்க மேடம் என்றேன். யாரோ ஒருத்தி நிறுத்திட்டேன்னு எழுதுனத நம்பி நானும் நிறுத்துனேன். அந்தப் பத்தொன்பது ராத்திரியும் அவன் நல்லாத் தூங்குனான். அவன் தூங்கத் தூங்கக் கால் திரும்பிப் போச்சு. திரும்பக் கொண்டு வர மூணு கட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் முன்னைவிட அழுதான். நேத்து கட்ட உரிச்சவங்க நாளைக்கே போயிடுங்க. அடுத்த மாசம்னு சொல்லாதீங்க. குரல் ஏன் இப்படிக் கத்துகிறது, பக்கத்து ஊருக்கே கேட்கும். கேட்கட்டும்.

ஹேமலதாவுக்குப் பின்னால் டோக்கன் நூற்றுப் பதினேழு, கவுண்டர் இரண்டு என்றது மிஷின். அப்புறம், ஒரு தாய்னு போட்டுடறேன், பேர் வேண்டாம், குடும்ப விஷயம் பேர் இல்லாமத்தான் போடணும்னு விதி இருக்கு என்றாள். அது எனக்குச் செய்கிற தயவு என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது.

"ஒரு தாய் சொல்லி அந்தப் பொண்ணு கட்ட உரிக்கல மேடம். நான் சொல்லி உரிச்சா. கோகிலவாணின்னே போடுங்க."

போட்டாள். போனைக் காதிலிருந்து எடுத்துக் குழுவைத் திறந்தேன், அவள் பெயர், அதன் கீழே என் பெயர், அதன் கீழே பத்தொன்பது, எழுத்தில் பார்க்கும்போது அது ரொம்பச் சின்னதாக இருந்தது. தண்ணீர் எந்தக் குடத்தில் விழுகிறது என்று தெரியவில்லை, தங்கமணியக்காதான் எழுந்து வந்து குடத்தை மாற்றினாள். முதல் பதில் வந்தது, அப்போ எங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னீங்களா. இரண்டாவது, உங்களுக்கு ஆறுதல் சொல்லி நான் அழுதேன் அக்கா. மூன்றாவதாக ஒரு கோப முகம் மட்டும். நான் ஒவ்வொன்றையும் படித்தேன். பதில் சொல்ல விரல் தானாகப் போய்ப் போய்த் திரும்பியது. ஒன்பதாவதோ பத்தாவதோ, படம் இல்லாத ஒரு பெயர், நான் இதுவரை பார்த்திராத பெயர். நேத்து உரிச்சது நான்தான், நாளைக்குக் காலையில போறோம், ஆனா இனிமே நீங்க எழுதுறத நான் படிக்க மாட்டேன்.

வேண்டாம் தாயி. போ.